சாக்பீஸ் டப்பாவோடு தெருவுக்குப் போகிறவர்களுக்கு

காரைக்குடியில் ஏதாவது ஒரு தெருவில் பிள்ளைகளைச் சேர்த்து, வாரத்துக்கு ஒருநாள் படம் வரையவும் மண் பிசையவும் நடிக்கவும் கற்றுக்கொடுக்கலாம் என்று உங்களுக்கு ஓர் எண்ணம் வந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கிறீர்கள், அல்லது சென்னை வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறீர்கள், கையில் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. நல்லது. முதல் வாரம் யார் நடத்தினாலும் நன்றாகத்தான் நடக்கும். நான் தொடங்கிய அன்றைக்கு 43 பிள்ளைகள் வந்தார்கள், என்னிடம் 8 கிரேயான் டப்பா இருந்தது, அடிதடி. நான்காவது வாரம் 6 பேர். அதில் ஒருத்தி இடுப்பில் தம்பியோடு வந்தவள், வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல். அன்றிலிருந்து எதைத் தொடங்கினாலும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: இதை நாற்பதாவது வாரமும் செய்ய முடியுமா? முடியாது என்று பட்டால் முதல் வாரமும் செய்வதில்லை. கீழே இருப்பதெல்லாம் அந்தக் கேள்வியில் தேறியவை.

முதல் மாதம் வெறுங்கையோடு போங்கள்

ஊர் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஆனால் பிள்ளைகளுக்கு ஊர் என்றால் தங்கள் தெருவும் பள்ளிக்கூடம் போகிற வழியும்தான். அவர்கள் நடந்து வர முடிகிற தூரத்தில் ஒரே ஒரு தெருவைப் பிடியுங்கள். மூன்று தெருவுக்கும் பொதுவாக நடுவில் வைக்கலாம் என்று தோன்றும், அது யாருக்கும் பக்கம் இல்லாத இடமாகப் போய்விடும். சாயங்காலம் போய் டீக்கடையில் நில்லுங்கள், அடிபம்புப் பக்கம் பேசுங்கள், பிள்ளைகள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஆத்தா, இப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைகளின் நேரம் பெற்றோரின் வேலை நேரத்தோடு கட்டிப்போட்ட நேரம். திங்கட்கிழமை சந்தை நாள், அன்றைக்கு எதையும் வைக்காதீர்கள். நான் ஞாயிறு காலை 9 மணிக்கு வைத்தேன், யாரும் வரவில்லை, கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சாயங்காலம் 4 மணிக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. சித்திரை, வைகாசியில் மட்டும் 5 மணி, இல்லாவிட்டால் தரையில் கால் வைக்க முடியாது.

மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா வந்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள், அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். முன்கூட்டியே விடுமுறை என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லி விட்ட விடுமுறை வேறு, ஆள் இல்லாமல் போன வாரம் வேறு. அதேபோல் சொன்ன நாளில் ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் வகுப்பு உண்டு. மழை பெய்தாலும் உண்டு.

அந்த மாதத்தில் பக்கத்துப் பள்ளியில் என்ன இருக்கிறது என்றும் விசாரியுங்கள். அரசுப் பள்ளிகளில் ஓவியம் சொல்லித்தருகிறவர் பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர், வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறவர், அவருக்கு எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவரைப் போட்டியாக நினைக்காதீர்கள், போய்ப் பாருங்கள். எந்தப் பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கக் கிறுக்கி வைத்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த அக்காக்கள் தெருவில் இருந்தால் இன்னும் நல்லது, எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பது அவர்களுக்கு விரல்நுனியில்.

இடம்

இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். செட்டிநாட்டில் இடத்துக்கா பஞ்சம்? பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, முகப்பே ஒரு கல்யாண மண்டபம் அளவு இருக்கும், வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், சாவி வாட்ச்மேனிடம். ஒரு ஆச்சி பெரிய மனசோடு திண்ணையைக் கொடுத்தார். பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன், இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வாசல் படிக்குக் கீழேயே நின்றார்கள், ஏறவில்லை. யாரும் அவர்களை ஏறாதே என்று சொல்லவில்லை. அவர்களுடைய அம்மாக்கள் அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய் வருகிறவர்கள், பிள்ளைகளுக்கு அது தெரியும், அவ்வளவுதான். கோயில் மண்டபத்திலும் இதே சங்கதி உண்டு. ஒரு பிள்ளை உள்ளே வரலாமா என்று ஒரு நொடி யோசிக்கிற இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் வகுப்புக்கு ஆகாது. ஆச்சியிடம் நன்றி சொல்லிவிட்டுத் தெருவிலேயே வேப்பமரத்தடிக்கு வந்தோம். தார்ப்பாய் ஒன்று, கயிறு, நான்கு பாய்.

மழைக்காலத்துக்கு ஒரு கூரை வேண்டும்தான். பள்ளிக் கட்டடம் கேட்கலாம், தலைமையாசிரியரிடம் பேசுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர் ஒருவரையும் கூட்டிப்போங்கள், எழுத்தில் கடிதம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கிடைத்த ஒரு கூடத்தை நம்பி நான் இருந்தேன், ஒரு வளைகாப்பு வந்தது, எங்கள் பெட்டி வெளியே வந்தது.

இன்னொன்று, சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதால் நானே சொல்கிறேன்: பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் 11, 12 வயதுப் பெண்பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள், வகுப்புப் பிடிக்கவில்லை போல என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பாதுகாப்பு

இதில் சமரசமே கிடையாது. எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் யாரும் இருக்கக் கூடாது, நீங்கள் உட்பட. பெற்றோரிடம் ஒரு தாளில் பெயர், போன் நம்பர், கையெழுத்து அல்லது கைநாட்டு. பிள்ளைகள் முகம் தெரிகிற படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், கைகளையும் படங்களையும் எடுத்தால் போதும். உதவிக்கு வருகிற புது ஆளை, அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும், முதல் சில மாதம் உங்கள் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெட்டி மூடியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகட்டும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடக்கிறது என்று தெரிந்தால் தெருவில் பஞ்சாயத்துப் பேசித் தீர்க்கிற வேலை வேண்டாம். தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது.

பெட்டியில் என்ன இருக்கணும்

20 பிள்ளைகளுக்கு ஒரு தகரப் பெட்டி. ஆளுக்கொரு செட் என்று வாங்கிக் கொடுத்தால் இரண்டாம் வாரம் பாதி தொலைந்திருக்கும், மீதி அண்ணன் கையில் இருக்கும், அதைவிட மோசம், எதுவும் கொடுக்காத வாரத்தில் "இன்னைக்கு என்ன தருவீங்க?" என்று கேட்பார்கள். எல்லாம் பொதுப்பெட்டி. வெள்ளைச் சாக்பீஸ், வண்ணச் சாக்பீஸ், அடுப்புக்கரி, செங்கல் பொடி, காவிக்கட்டி, மைதா (பசை காய்ச்ச), சணல், 6 கத்தரிக்கோல், போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை மட்டும். பச்சை வாங்காதீர்கள். மஞ்சளும் நீலமும் கலந்து பச்சை வருகிற அந்த ஒரு நிமிஷத்தைக் கடையில் காசு கொடுத்து ஏன் கெடுக்கணும்?

தாளுக்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு. கல்யாணப் பத்திரிகை. செட்டிநாட்டுக் கல்யாணப் பத்திரிகையின் கனம் உங்களுக்கே தெரியும், அதன் வெற்றுப்பக்கம் போல ஓர் அட்டை கடையில் கிடைக்காது. நாலு வீட்டில் சொல்லி வைத்தால் முகூர்த்த மாதம் முடிவதற்குள் ஒரு கட்டு சேரும். அச்சகங்களில் ஓரம் வெட்டிப் போடுகிற தாள் துண்டுகளையும் கேளுங்கள், நீளமாக இருக்கும், தொடர்கதைப் படம் வரைய அதுதான் சரி.

கத்தரிக்கோலை வகுப்பு முடிந்ததும் எண்ணுங்கள். எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், கடைசியில் திரும்பி வருகிறேன்.

முதல் இரண்டு மாதம் என்ன செய்யலாம்

கோலத்தில் தொடங்குங்கள், தாளே வேண்டாம். ஆண்பிள்ளைகள் "அது பொம்பளப் பிள்ளைங்க வேலை" என்பார்கள். 15 புள்ளியில் ஆரம்பித்து ஒன்றுக்கு வருகிற கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளி என்று கேளுங்கள், சண்டை அங்கேயே தீர்ந்துவிடும், எண்ண உட்கார்ந்துவிடுவார்கள். (ஒரு பக்கம் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைகிற சந்துப்புள்ளி என்றால் 120, மேலும் கீழும் இரண்டிரண்டாகக் குறைகிற நேர்ப்புள்ளி என்றால் 113. நீங்கள் முன்கூட்டியே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் அசடு வழிந்தேன்.) இரண்டாவது வாரம் தெருவில் இருந்தே ஒரு அம்மாவை ஆசிரியராக உட்கார வையுங்கள். நகரத்தார் வீட்டு விசேஷங்களில் போடுகிற நடுவீட்டுக் கோலம், அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்து விரல் வழியே இழை இழையாக இறக்குகிறது, அந்த வீடுகளில் வருஷக்கணக்காக வேலை பார்த்த ஒருவருக்கு அது அத்துப்படியாக இருந்தது. "நமக்கு யாருப்பா கேட்டா, தெரியும்னு சொல்ல" என்றார். அவர் மகள் அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

அப்புறம் ஆத்தங்குடிக் கல், நம் வீட்டுத் தரைகளில் பதிக்கிற பூப்போட்ட கல். இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள், எனக்குத் தெரிந்து இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. முதலில் கல் எப்படி வருகிறது என்று சொல்லுங்கள். கீழே ஒரு கண்ணாடிச் சட்டம், அதன்மேல் சதுர இரும்பு அச்சு, அதற்குள் பூ வடிவத்துத் தகடு. தகட்டின் ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றித் தகட்டை மெல்லத் தூக்கிவிடுவார்கள், வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையை வைத்து அழுத்தி மட்டம் செய்வார்கள். பிறகு உலர்த்தி, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். சூளை கிடையாது, கரண்ட் கிடையாது. நாம் மிதிக்கிற பக்கம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்த பக்கம், அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. முகம் தெரியாமலே முகத்தை வரைகிறார்கள் என்று ஒரு பையன் சொன்னான், எனக்கு அது தோன்றியதில்லை.

பிறகு பத்திரிகை அட்டைகளை 8 அங்குலச் சதுரமாக ஒட்டி வெட்டுங்கள், ஆத்தங்குடிக் கல்லின் வழக்கமான அளவுகளில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு விளிம்பின் நடுவிலும் ஒரு புள்ளி வையுங்கள். விதி மூன்றுதான்: கோடு எப்படி வேண்டுமானாலும் வளையலாம், ஆனால் அட்டையை விட்டு வெளியேறுகிற இடம் அந்தப் புள்ளியாக மட்டும் இருக்கணும், நான்கு புள்ளியும் தொடப்பட வேண்டும், வண்ணம் மூன்றுக்கு மேல் கூடாது. ஆளுக்கொரு கல். தனித்தனியாகப் பார்த்தால் பல கல் சுமாராகத்தான் இருக்கும். இருபதையும் ஐந்துக்கு நான்காகத் தரையில் அடுக்குங்கள், யாருடைய கோடும் பக்கத்துக் கல்லின் கோட்டோடு போய்ச் சேரும், யாரும் திட்டமிடாத ஒரு கொடி ஓடும். எல்லாக் கல்லையும் கால்வட்டம் திருப்பச் சொல்லுங்கள், கொடி வேறு பக்கம் ஓடும். அன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொன்னால் போகமாட்டார்கள்.

மூன்றாவது வாரம் பஸ்ஸில் ஆத்தங்குடிக்கே கூட்டிப்போங்கள், பட்டறைகளில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, வேலை நேரத்தில் கையைக் காலை வைக்காமல். பெற்றோர் இரண்டு பேர் கூட வரட்டும். எங்களோடு வந்த ஓர் ஆத்தா 20 வருஷம் அந்தக் கல்லைத் துடைத்தவர், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் எப்படி மின்னும் என்று பட்டறைக்காரருக்கே வகுப்பெடுத்துவிட்டு வந்தார்.

மண்வேலைக்குக் கண்மாயில் நீங்களே போய் மண் தோண்டாதீர்கள், அதில் கல்லும் வேரும் இருக்கும், சலித்துப் பதப்படுத்தத் தெரியாமல் கை வலிதான் மிஞ்சும். பானை செய்கிற வேளார் வீட்டில் மிதித்த மண்ணாகவே விலைக்கு வாங்குங்கள். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். ஐயனார் கோயில் புரவியைப் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது, எல்லோரும் குதிரைதான் செய்வார்கள், எல்லாக் குதிரைக்கும் கால் ஒடியும். கனமான உடம்பைக் குச்சிக் காலில் நிறுத்தினால் ஒடியாமல் என்ன செய்யும்? பெரிய புரவிக்கு முதலில் காலைத் தனியாகக் குழாய் மாதிரி வனைந்து நிறுத்தி, மேலே மேலே ஏற்றுவார்கள் என்பதை அப்போது சொல்லுங்கள், காதில் ஏறும். நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். சூளையில் சுட்டுத் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

பனையோலையில் முடைகிற கூடை, கொட்டான், அதைப் பற்றிக் கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் சின்னப் பிள்ளைகள் கையை ஓலை விளிம்பு அறுத்துவிடும், பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கலைஞர்களைக் கூப்பிடும்போது

காசு கொடுங்கள். "நம்ம பிள்ளைங்களுக்குத்தானே, சும்மா வாங்கண்ணே" என்பது ஒருமுறை நடக்கும். எவ்வளவு என்று முன்னாலேயே பேசி, பஸ் செலவோடு, முடிந்த உடனே கையில். பெரிய தொகை உங்களால் முடியாது என்றால் வருஷத்துக்கு நான்கு பேர் போதும்.

இந்தப் பக்கத்தில் நான் முதலில் கைகாட்டுவது நாடகக் கலைஞர்களை. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகம், ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய ஓடும் வள்ளி திருமணம், இன்னும் நம் கிராமத் திருவிழாக்களில் நடக்கிறது. நடிகர்கள் வெவ்வேறு ஊரிலிருந்து அன்றைக்குத்தான் வந்து சேருவார்கள், ஒத்திகை கிடையாது, பாட்டும் வசனமும் எல்லோருக்கும் தெரியும், மீதி மேடையில் வளரும். பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய கதவு. எழுதிக் கொடுத்த வசனத்தை மனப்பாடம் செய்து நடுங்கிக்கொண்டு ஒப்பிப்பதுதான் நாடகம் என்று பள்ளி ஆண்டுவிழாவில் பழகியிருப்பார்கள். பபூன் வேஷம் கட்டுகிற ஒருவர் வந்து, மேடையேறியதும் கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று பத்து நிமிஷம் காட்டினார், வாயே திறக்காத ஒரு பையன் அவரையே மடக்கினான். ஹார்மோனியம் வேண்டாம், நாடகத்துக்குத் தாளமும் ஓசையும் கொடுக்கிற ஆல்ரவுண்ட் வாசிக்கிறவர் ஒருவர் கூட வந்தாலே போதும், ஒரு தட்டையும் தகர டப்பாவையும் வைத்தே இடி, மழை, குதிரை எல்லாம் வரவைப்பார். நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள்: மாசியிலிருந்து ஆடி வரை அவர்களுக்குத் தூக்கமே இல்லாத காலம், புரட்டாசி, ஐப்பசியில் கேட்டால் மனசார வருவார்கள்.

பரதம், வாய்ப்பாட்டு என்று தொடர்ந்து கற்க ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் நீங்களே அரைகுறையாகச் சொல்லித்தராதீர்கள். கலை பண்பாட்டுத் துறை நடத்துகிற ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு என்றே இருக்கின்றன, பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று விசாரித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022-23இல் இருந்து கலைத்திருவிழா நடக்கிறது, பள்ளி அளவில் தொடங்கி மாநிலம் வரை போகலாம். போகட்டும், கைதட்டுவோம். ஆனால் உங்கள் வகுப்பை அதற்குக் கோச்சிங் சென்டர் ஆக்கிவிடாதீர்கள். நான் ஒரு வருஷம் அப்படிச் செய்து, தேர்வாகாத 14 பேரைப் பார்வையாளர்களாக உட்கார வைத்தேன், இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

பணம்

முதல் வருஷம் உங்கள் கைக்காசிலும் நாலு நண்பர்கள் காசிலும் ஓட்டுங்கள், ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி, தெருவில் யார் கேட்டாலும் காட்டுங்கள். ஓர் அமைப்பின் பெயரைச் சொல்லி ஊரில் வசூல் செய்யும் நிலை வந்தால் டிரஸ்டாகவோ, 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கமாகவோ பதிவு செய்துவிடுங்கள். நம் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சொந்தங்கள் ஆசையாகப் பணம் அனுப்புகிறேன் என்பார்கள். அவர் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், அப்பச்சி காலத்திலிருந்து இந்த ஊர்க்காரராகவே இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் அனுமதி இல்லாமல் உங்கள் அமைப்பு தொடக் கூடாது. அவர்களிடம் பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

பேனர் வைத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பென்சில் டப்பா கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று வருகிறவர்களிடம் என்ன சொல்வது? எங்கள் பெட்டிக்கு 5 லிட்டர் பசைக்கு மைதா வேணும், வாங்கித் தந்துவிட்டு ஒருமணி நேரம் உட்கார்ந்து நீங்களும் வரையுங்கள் என்று சொல்கிறேன். பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வந்த ஒருவர் இப்போது எங்கள் இரண்டாவது பெரியவர்.

வருஷத்துக்கு ஒருமுறை, தெருவிலேயே

கண்காட்சி என்றால் மேடை, சீஃப் கெஸ்ட், சால்வை என்று போகாதீர்கள். வீட்டுக்கு வீடு துணி காயப்போடுகிற கொடிக்கயிறு இருக்கிறது, அதில் கிளிப் போட்டு மாட்டுங்கள். வேலைக்குப் போன அம்மா அப்பா திரும்பி வருகிற 7 மணிக்கு, தெருவிளக்கு வெளிச்சத்தில். எல்லாப் பிள்ளையின் படமும் தொங்கணும், நன்றாக இருப்பதை மட்டும் பொறுக்காதீர்கள். எந்தப் படத்தைத் தொங்கவிடுவது என்று அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நீங்கள் நினைத்ததை அவர்கள் எடுக்கமாட்டார்கள்.

அப்புறம் அந்தக் கத்தரிக்கோல். எண்ணுகிற வேலையை மாதம் ஒருவர் என்று மாற்றிக் கொடுத்துவந்தேன், பிறகு பெட்டிச் சாவியையும் 14 வயதுக்காரர்கள் இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டேன். போன மாதம் மதுரையிலிருந்து வந்த பஸ் திருப்பத்தூரில் நின்றுவிட்டது, நான் முக்கால் மணி நேரம் தாமதம், பயந்துகொண்டே ஓடினேன். அந்த இரண்டாவது பெரியவரும் தெருவில் ஓர் அக்காவும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள், பாய் விரித்தாகிவிட்டது, முன்னால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாளே, அவள்தான் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நோட்டை நீட்டினாள். "கத்தரிக்கோல் 6, சரியா இருக்கு. மஞ்சள் கலர் தீந்துபோச்சு, மைதா காக்கிலோ. அடுத்த வாரம் வரும்போது வாங்கிட்டு வந்துருங்கண்ணே."